வாயடைத்தவர் யார்?

இரவு நேரத்தில் தொலைக்காட்சியில் அரசியல் பிரமுகர்கள் நால்வர் ஒரே சமயத்தில் உரத்த குரலெழுப்பி வாதம் புரிய, அதைக் கண்ணுற்ற ஜனங்கள் மறுநாள் காலையில் தேநீர்க் கடையில் கூடி, எந்தக் கட்சிக்காரர் யாருடைய வாயை அடைத்தார் என்பதையே பரம திருப்தியுடன் பேசிக்கொள்வது நம் நாட்டில் நித்திய வழக்கமாகிவிட்டது.

காவிரி விவகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கர்நாடகம் தமிழ்நாட்டுக்கு விடவேண்டுமென்று நடுவர் மன்றம் விதித்த 192 டி.எம்.சி.யை, 2018 பிப்ரவரி 16 அன்று உச்ச நீதிமன்றம் 177.25 ஆகக் குறைத்தது. குறைத்த 14.75 டி.எம்.சி.யில், 10 தமிழ்நாட்டின் நிலத்தடி நீரைக் கருதியும், 4.75 பெங்களூரின் தேவையைக் கருதியும் கழிக்கப்பட்டவை. உழவனின் ஜீவனத்தையே தொடும் இக்கணக்கை நீர்ப்பாசன நிபுணர் ஒருவர் விளக்கத் தொடங்குகையில், இருபுறமும் கட்சிப் பேச்சாளர்கள் குறுக்கே பாய, நெறியாளர் இடைவேளை அறிவித்துவிட, நிபுணர் பாதி வாக்கியத்தோடு நின்றுபோகிறார். பார்ப்போர் அதற்காகச் சிறிதும் வருந்துவதில்லை என்பதே என் மனத்தாங்கல்.

தண்ணீருக்காகக் குரல் உயர்வது நியாயமே. ஆயினும் சபையை நடத்துபவருக்குப் பொறுப்புண்டு. செய்தி விவாதங்களில் நெறியாளரின் பங்கு மிக முக்கியமானதென்று உச்ச நீதிமன்றமே 2022-இல் கருத்துரைத்தது.

வாசகர்களே, குறுக்கிடப்பட்ட அந்த நிபுணரை முழுமையாகப் பேச விடும்படி நிலையத்தாருக்கு எழுதுங்கள்.