பழுதின் முதல் காண்போம்

மகிழுந்து கிளம்ப மறுத்ததும், ‘பேட்டரி போயிற்று’ என முடிவுகட்டிப் புதியது வாங்குகிறோம். நோயறியாது மருந்துண்ணும் செயலன்றோ இது? சங்கரன்கோவில் போன்ற ஊரில் அச்செலவு சிறிதன்று.

சாவியைத் திருப்புங்கால் விளக்கு மங்கின், முதலில் வண்டியை அணைத்து, பேட்டரி முனைகளில் பூத்த உப்பைத் துடைத்து இறுக்குவோம். பின்னர் மல்டிமீட்டர் வைத்து நோக்குவோம். ஓய்வில் நல்ல பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடுகையில் அது பெரும்பாலும் 14 வோல்ட்டை ஒட்டி உயரும். உயராவிடின் ஆல்டர்னேட்டர், பெல்ட், ஒயர் ஆகியவற்றை ஐயுறல் வேண்டும்; அவற்றைச் சீராக்காவிடில் புதிய பேட்டரியும் வீணே.

1893இல் பிறந்த கோவை ஜி.டி. நாயுடு பொறியியல் பட்டம் பெற்றவரல்லர். மோட்டார் சைக்கிளைக் கழற்றிப் பூட்டியே அதன் நுட்பம் கற்றார். 1920இல் பொள்ளாச்சி–பழனித் தடத்தில் பேருந்தும் ஓட்டினார். கை கற்பதும் கல்வியே.

எனினும், ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியடியில் நுழைதலும், சூடான ரேடியேட்டர் மூடியைத் திறத்தலும் ஆகா. பிரேக்கும் காற்றுப்பையும் தேர்ந்த மெக்கானிக்குக்கே உரியன. எல்லையறிதலும் அறிவே.

மாணவச் செல்வங்களே! காரணம் தேடாது தீர்ப்புரைக்கும் பழக்கத்தை வண்டியிலும் வாழ்விலும் விடுவோம். கையில் கிரீஸ் படிவது கற்றோர்க்கு இழுக்கன்று என்பதே நம் துணிபு.