காத்திருக்கும் கண்ணீரும் தாங்கும் அருளும்



2025ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆம் திகதி, யாழ்ப்பாணம் செம்மணியில் நெஞ்சை உருக்கும் ஒரு நிகழ்வு நடந்தது. அரியாலை சித்துப்பாத்தி மயானத்தில் எலும்புக்கூடுகளோடு அகழ்ந்தெடுக்கப்பட்ட ஆடைகளும் பிற பொருள்களும், நீதிமன்ற உத்தரவின்படி, பொதுமக்கள் அடையாளம் காண்பதற்காக வைக்கப்பட்டன. காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடும் தாய்மாரும் உறவினரும் வந்து பார்த்தார்கள். அவ்வாண்டில் அந்த மண் வெளிப்படுத்திய மனித எலும்புக்கூடுகள் 200க்கும் அதிகம். அவற்றுள் சிறுபிள்ளைகளுடையவையும் இருந்தன.

அங்கு நின்ற ஒரு தாயின் உள்ளத்தை எண்ணிப் பாருங்கள். ‘என் பிள்ளையின் சட்டை இதில் இருக்கக் கூடாது’ என்பது ஒரு மன்றாட்டு. ‘இருந்துவிட்டால் என் தேடல் இன்றோடு முடியுமே’ என்பது இன்னொரு மன்றாட்டு. ஒன்றுக்கொன்று முரணான இரு மன்றாட்டுகள் ஒரே நெஞ்சிலிருந்து ஒரே வேளையில் எழுகின்றன. இவற்றுள் எதற்கு அவள் ‘ஆமென்’ சொல்வாள்?

மரணம் நேர்ந்த வீட்டில் துயரத்துக்கும் ஓர் ஒழுங்கு உண்டு. உடலைப் பார்த்து அழுகிறோம்; அடக்கத் திருப்பலி ஒப்புக்கொடுக்கிறோம்; முப்பத்தோராம் நாளை நினைவுகூருகிறோம்; கல்லறையில் மெழுகுதிரி ஏற்றுகிறோம். காணாமல் ஆக்கப்பட்டவரின் வீட்டில் இவற்றுள் எதுவும் இல்லை. அரசும் இதனை ஒரு வகையில் ஏற்றுக்கொண்டுள்ளது. இறப்புச் சான்றிதழை ஏற்க மனமில்லாத குடும்பங்களுக்கு, அவர்களது உறவு காணக் கிடைக்கவில்லை என்று கூறும் சான்றிதழை வழங்க 2016ஆம் ஆண்டுச் சட்டமொன்று இடமளித்தது. அதே ஆண்டில் காணாமற்போனோர் அலுவலகத்தை அமைக்கும் சட்டமும் நிறைவேறியது. 2018இல் அவ்வலுவலகம் பணியைத் தொடங்கியது. ஆயினும் உறவுகளின் கேள்வி ஓயவில்லை. கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று வீதியோரத்தில் அமர்ந்து போராடத் தொடங்கிய பெற்றோருள் பலர், விடை தெரியாமலே கண்மூடிவிட்டனர். ஆகவே இந்தத் துயரம் தனி மனிதரின் மனப்பலவீனம் அன்று. உண்மை மறைக்கப்பட்டிருப்பதால் ஆறாதிருக்கும் காயம் அது.

இங்கு என் குறையொன்றையும் அறிக்கையிட வேண்டும். வன்னிப் பங்கொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், நவம்பர் 2ஆம் திகதித் திருப்பலிக்காக மரித்த விசுவாசிகளின் பெயர்களை எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு தாய் பங்குப்பணிமனைக்கு வந்து தயங்கி நின்றார். “சுவாமி, மகன்ர பெயரை இதில எழுதிறதோ, விடுறதோ? எழுதினால் நானே அவனைச் சாகக் குடுத்த மாதிரிக் கிடக்கு. எழுதாட்டி அவனுக்கு ஒரு செபமும் இல்லாமல் போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு” என்றார். நானோ, “விசுவாசத்தோடு இருங்கள் அம்மா, எல்லாம் நல்லபடி நடக்கும்” என்று அவசரமாகச் சொல்லி அனுப்பிவிட்டேன். அவர் பேசாமல் திரும்பிப் போனார். விசுவாசம் இல்லாதவரா அவர்? விசுவாசம் இருந்தபடியால் அல்லவா அந்தக் கேள்வியோடு வந்தார்!

‘அழுதது போதும்’, ‘இறைவனிடம் விட்டுவிடுங்கள்’, ‘விசுவாசம் உள்ளவர்கள் கலங்கமாட்டார்கள்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். திருவிவிலியம் அப்படிச் சொல்லவில்லை. சாமுவேலின் இரண்டாம் நூல் 21ஆம் அதிகாரத்தில் இரிஸ்பா என்ற தாயைக் காண்கிறோம். கொல்லப்பட்ட தன் புதல்வரின் உடல்களருகே பாறைமேல் சாக்குத்துணியை விரித்து, அறுவடைத் தொடக்கம் முதல் மழை பொழியும் வரை, பறவைகளும் விலங்குகளும் அணுகாதபடி அவள் காத்திருந்தாள். அவளை எவரும் கடிந்துகொண்டதாக எழுதப்படவில்லை. அவளது செயல் தாவீது அரசனின் காதுக்கு எட்டியது. அவன் எலும்புகளைத் திரட்டி, சவுல், யோனத்தான் ஆகியோரின் எலும்புகளை முறைப்படி அடக்கம் செய்வித்தான். அதன் பின்னரே நாட்டுக்கான மன்றாட்டை இறைவன் கேட்டருளினார். எலும்புகளுக்கு மதிப்பளிக்காத நாட்டில் சமாதானம் நிலைக்காது என்பதை ஆட்சியில் இருப்போரும் இதிலிருந்து கற்றுக்கொள்ளலாம்.

அப்படியாயின் அருள் என்பது என்ன? தன்னை வருத்திய முள்ளை அகற்றும்படி தூய பவுல் மும்முறை வேண்டினார். முள் அகற்றப்படவில்லை, அதைத் தாங்க அருள் தரப்பட்டது. மறக்கச் செய்வது அருளின் வேலை அன்று. மறக்க முடியாததைச் சுமந்தபடி அடுத்த நாளுக்கு நடக்கச் செய்வதே அதன் வேலை. அந்த அருள் நற்கருணையில் வருகிறது. வாசலில் வந்து அருகே அமர்ந்து, பேசாமல் கையைப் பற்றிக்கொள்ளும் அயலவர் வழியாகவும் வருகிறது. நித்திரையின்றியும் உணவின்றியும் தவிப்பவருக்கு வைத்தியசாலை மனநலப் பிரிவின் வைத்தியர் வழியாகவும், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 தொலைபேசி இலக்கத்தில் பதிலளிப்பவர் வழியாகவும் வருகிறது. மருந்து எடுப்பது விசுவாசக் குறைவு அன்று.

சில ஆண்டுகளின் பின் அத்தாயை மீண்டும் சந்தித்தேன். இம்முறை அவர் பேசி முடிக்கும்வரை கேட்டேன். பின்னர் சொன்னேன்: “திருப்பலி வாழ்வோருக்காகவும் மரித்தோருக்காகவும் ஒப்புக்கொடுக்கப்படுகிறது. மகனின் பெயரை மட்டும் எழுதித் தாருங்கள். எந்தப் பட்டியல் என்று நாங்கள் தீர்மானிக்க வேண்டாம். இறைவனுக்கு எல்லாரும் உயிருள்ளவர்களே.” அவர் பெயரை எழுதினார். எழுதும்போது அழுதார். நான் தடுக்கவில்லை.

அன்பர்களே, உங்கள் அன்பியத்திலும் இத்தகைய ஒரு வீடு இருக்கக்கூடும். இந்த வாரம் அவ்வீட்டுப் படியேறுங்கள். ஆறுதல் மொழிகளைத் தேட வேண்டாம். “உங்கள் பிள்ளையின் பெயர் என்ன?” என்று கேளுங்கள். அவரைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேட்டிருங்கள். அன்று மாலை உங்கள் வீட்டுச் செபமாலையில் அந்தப் பெயரையும் சொல்லுங்கள். சிலுவையடியில் நின்ற வியாகுல அன்னை அத்தாய்மாரோடு என்றும் துணைநிற்பாராக.