பொருளாதாரத்தை யார் மொழிபெயர்ப்பது?

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் வரத்து குறைந்தால் மல்லிகை விலை ஏறும். மதுரையில் இது எல்லோருக்கும் தெரியும். இதையே நம் பாடநூல், அளிப்பு குறைந்தால் விலை உயரும் என்கிறது. இலங்கையில் தமிழில் பொருளியல் படிக்கும் மாணவனுக்கு அது 'நிரம்பல்'. டிமாண்டுக்கும் இதே கதைதான். சந்தையில் 'கிராக்கி', நம் பாடநூலில் 'தேவை', இலங்கையில் 'கேள்வி'.

நான் காரைக்காலில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இவற்றை 'ஒஃப்ரு', 'துமாந்த்' என்பார்கள். முதலாவது கொடுக்க முன்வருவது, இரண்டாவது கேட்பது. அப்படிப் பார்த்தால் நம் அளிப்பும் இலங்கையின் கேள்வியும் நல்ல சொற்கள். 'தேவை'தான் எனக்கு இடிக்கிறது. ஏழைக்கு அரிசி தேவை. ஆனால் கையில் காசு இல்லையென்றால் பொருளாதாரக் கணக்கில் அது டிமாண்ட் ஆகாது. வாங்கும் சக்தியும் சேர்ந்தால்தான் டிமாண்ட். இந்த வேறுபாட்டை வெறும் அகராதி சொல்லித் தராது. பாடம் தெரிந்தவர்தான் சொல்ல வேண்டும்.

நம் ஊரில் மொழிபெயர்ப்பாளர் என்றால் ஆங்கிலம் தெரிந்தவர் என்றே நினைக்கிறோம். நான் எழுத்தராக இருந்த காலத்தில், ஆங்கிலக் கடிதம் வந்தால் யாருக்கு ஆங்கிலம் நன்றாக வருமோ அவர் மேஜைக்குப் போகும். விஷயம் தெரியுமா என்று யாரும் கேட்டதில்லை. விடுமுறை விண்ணப்பத்துக்கு அது போதும். வட்டி, மானியம், நிதிப் பற்றாக்குறை என்று வந்தால் போதாது.

இதில் நஷ்டப்படுவது யார்? மேலூரிலும் உசிலம்பட்டியிலும் தமிழ் வழியில் படித்துவிட்டுப் போட்டித் தேர்வு எழுதும் பிள்ளைகள். வினா இரண்டு மொழியிலும் இருக்கும்; சந்தேகம் வந்தால் ஆங்கிலமே இறுதி என்றும் அச்சிட்டிருப்பார்கள். மொழிபெயர்த்தவர் தடுமாறினால் மதிப்பெண் போவது தமிழை நம்பிப் படித்த பிள்ளைக்கு.

ஆள் கிடைக்கவில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன். 1960-களில் கல்லூரிகளுக்குத் தமிழ் வழி வந்தபோது, பாடம் நடத்திய பேராசிரியர்களே எழுதியும் மொழிபெயர்த்தும் தமிழ் வெளியீட்டுக் கழகத்தின் மூலம் நூல்கள் வந்தன. இன்றும் மதுரையில் ஓய்வுபெற்ற பொருளாதார, வணிகவியல் ஆசிரியர்களுக்கும் வங்கி அதிகாரிகளுக்கும் பஞ்சமில்லை. அவர்களில் ஒருவரையும் நல்ல தமிழ் எழுதும் ஒருவரையும் சேர்த்து உட்கார வையுங்கள். ஒருவர் பொருளைப் பார்க்கட்டும், மற்றவர் நடையைப் பார்க்கட்டும். இருவர் பெயரையும் நூலில் போடுங்கள். பக்கத்துக்கு இவ்வளவு என்று கௌரவமான கூலியும் கொடுங்கள். ஓசியில் கேட்டால் ஓசித் தரம்தான் கிடைக்கும்.

நம் சொல்லையும் இலங்கைச் சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பட்டியல் போட்டாலும் பெரிய உதவி. சந்தைச் சொல்லையும் அதில் சேர்க்க வேண்டும். வரத்து, கிராக்கி, இருப்பு எல்லாம் வியாபாரிகள் தினமும் புழங்கும் சொற்கள்.

தமிழில் முடியாது என்பவர்களுக்கு ஒரே பதில்: பணவீக்கம். யாரோ விஷயம் புரிந்தவர் உண்டாக்கிய சொல். இன்று டீக்கடையில்கூட அதற்கு விளக்கம் தேவைப்படுவதில்லை.