கூச்சம் எவர் குற்றம்?

உயர்தர உணவகமொன்றில் அமர்ந்து உண்பது இன்பமா, இடர்ப்பாடா என்ற வினா நம்மவரிடையே இன்று அடிக்கடி எழுகின்றது. கொழும்பில் மட்டுமன்றி யாழ்ப்பாணத்திலும் குளிரூட்டப்பட்ட மண்டபங்களும் வெண்துகில் விரித்த மேசைகளும் பெருகிவிட்டன. பிறநாடுகளிலிருந்து வரும் உறவினர் அழைத்துச் செல்கின்றனர். பிள்ளைகள் முதற் சம்பளத்தில் பெற்றோரைக் கூட்டிச் செல்கின்றனர். சென்று வந்தோருட் சிலர் உணவின் சுவையைப் புகழ்கின்றனர். வேறு சிலரோ, "சாப்பாடு நல்லதுதான், ஆனால் மனம் ஆறிச் சாப்பிட முடியவில்லை" என்று தாழ்ந்த குரலிற் கூறுகின்றனர். இது தனிமனித சுபாவத்தைப் பொறுத்தது, கூச்ச சுபாவமுள்ளவர் கூசுகிறார், துணிவுள்ளவர் உண்கிறார் என்று கூறி இவ்வினாவைத் தள்ளிவிடுவோர் உளர். அவ்வாறு தள்ளிவிடக் கூடாதென்பதே எமது வாதம். ஒரே வகையான மண்டபத்தில், ஒரே வகையான மக்கள், ஒரே வகையாகக் கூசுவார்களாயின் அது சுபாவமன்று, சமூக உண்மை.

இக்கூச்சத்துக்குப் பரிகாரம் கூற முன்வருவோரில் முதல்வர் நாகரிகப் போதகர். "முள்ளையும் கத்தியையும் பிடிக்கப் பழகுங்கள், பட்டியலிலுள்ள பெயர்களை உச்சரிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், கூச்சம் தானே பறந்துவிடும்" என்பது அவர் உபதேசம். அதாவது, குறை உண்பவனிடம் உள்ளது. அவன் தன்னைத் திருத்திக்கொள்ள வேண்டும். இவ்வுபதேசத்தின் பூர்வீகத்தைச் சற்று ஆராய்வோம். பிரித்தானியர் ஆட்சியில் கொழும்பிலும் மலைநாட்டிலும் துரைமார் தமக்கெனக் கழகங்கள் அமைத்தனர். அவற்றுள் சுதேசிகள் நுழைந்தது பெரும்பாலும் தட்டேந்தும் பணியாளராகவே. 1876இல் நுவரெலியாவில் தோட்டத் துரைமாருக்கென எழுந்த கழகத்தில், இரவுணவுக்கு மேலங்கியும் கழுத்துப்பட்டியும் கட்டாயம் என்ற விதி நாடு சுதந்திரம் பெற்றுப் பல பதிற்றாண்டுகள் கழிந்த பின்னரும் நீடித்தது. கழுத்துப்பட்டி இல்லாது வருபவருக்கு இரவல் கொடுக்கவும் அங்கு ஏற்பாடு இருந்தது. மலைக்குளிருக்குக் கழுத்துப்பட்டி காவலாகாது; உணவின் சுவையையும் அது கூட்டாது. பின் எதற்காக அவ்விதி? உள்ளே இருப்பவர் வேறு, வெளியே நிற்பவர் வேறு என்பதைக் கழுத்திலேயே கட்டிக் காட்டுவதற்காக. துரைமார் போயினர்; விதி தங்கியது. நாகரிகப் போதகர் நமக்குக் கற்பிக்க விரும்புவது உண்ணும் முறையையன்று; வேலியை வணங்கும் முறையை.

கையால் உண்ணும் மக்களின் நாட்டில், கையால் உண்பவன் வெட்கித் தலைகுனியும் ஓர் இடம் இருக்குமாயின், வெட்கப்பட வேண்டியவன் அவனா? தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழியென 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தம் கூறிற்று. ஆயினும், உயர்தர உணவகத்தின் விலைப்பட்டியல் பெரும்பாலும் தமிழும் பேசுவதில்லை, சிங்களமும் பேசுவதில்லை. தாய்மொழியிற் சோறு கேட்க முடியாதவன் கூசுவதில் வியப்பென்ன?

உணவுக்கடையின் வாயில் வெறும் வாயிலன்று என்பதை யாழ்ப்பாணத்தவருக்கு எவரும் போதிக்கவேண்டியதில்லை. நமது தேநீர்க்கடைகளின் வரலாறு அதனைச் சொல்லும். 'உயர்ந்தவன்' வாங்கில் அமர்ந்து பேணியிற் குடித்தான்; ஒடுக்கப்பட்டவன் வெளியே நின்று, அல்லது நிலத்திற் குந்தியிருந்து, போத்தலிலும் சிரட்டையிலும் வாங்கிக் குடித்தான். ஒரே அடுப்பு, ஒரே கேத்தல், ஒரே தேயிலை. பாத்திரம் மட்டும் வேறு. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் இக்கொடுமையைக் குற்றமாக்கிற்று. ஆனால் சட்டப் புத்தகத்தில் திறந்த கதவு சங்கானையிலும் சாவகச்சேரியிலும் நெல்லியடியிலும் தானாகத் திறக்கவில்லை. 1966 ஒக்டோபர் 21ஆம் நாள் சுன்னாகத்திலிருந்து யாழ்நகர் நோக்கிப் புறப்பட்ட ஊர்வலம் பொலிஸாரின் தடியடியைச் சந்தித்தது. அதைத் தொடர்ந்த ஆண்டுகளில் தேநீர்க்கடைகளின் வாயிலிலே மக்கள் போராடினர், உயிர்களும் பலியாகின. கடலுக்கப்பாலும் இதே கதைதான். 1960 பெப்ரவரியில் அமெரிக்காவின் கிறீன்ஸ்பரோ நகரில் நான்கு கறுப்பின மாணவர் ஓர் உணவு மேடையில் அமர்ந்து கோப்பி கேட்டனர். மறுக்கப்பட்டபோது எழுந்து செல்ல மறுத்தனர். ஒரு கோப்பைக்காகவா இத்தனை போராட்டம்? கோப்பைக்காகவன்று, அதனை ஏந்தும் மனிதனின் மதிப்புக்காக.

"அது சாதி; இது வெறும் விலை. பணம் கொடுத்தால் எவரும் வரலாம்" என்பர் உணவக முதலாளிகள். சாதியும் விலையும் ஒன்றென நாமும் கூறவில்லை. பிறப்பினால் இடப்பட்ட பூட்டுக்குச் சாவியே கிடையாது. அக்கொடுமைக்கு வேறெதனையும் இணைவைத்தல் அநீதி. சாதியின் பூட்டு இன்னும் முற்றாகக் கழன்றுவிடவும் இல்லை. ஆனால் 'எவரும் வரலாம்' என்ற சொல்லின் பொருளை மட்டும் உரைத்துப் பார்ப்போம். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டது. ஓராண்டுக்குள் சோற்றின் விலை ஏறக்குறைய இரட்டித்த நாட்டில், ஒரு வேளை உணவுக்கு ஒரு மாதச் சம்பளத்தின் பெரும்பங்கைக் கேட்டுவிட்டு, கதவு திறந்துதான் இருக்கிறது என்பது கேலியன்றி வேறென்ன?

இவ்வுணவகங்களின் பெருமைமிகு பண்டமொன்றை எடுத்துக்கொள்வோம். கொழும்பின் பெருவிடுதிகளில் மாலைவேளைகளில் 'ஹை டீ' எனும் விருந்து நடைபெறுகின்றது. அடுக்குத் தட்டுகளிற் பணியாரங்களும், மெல்லிய பீங்கானிற் தேநீரும் வரும். இப்பெயரின் வரலாறு சுவையானது. இங்கிலாந்திலே சீமாட்டிகள் பிற்பகலில் அருந்திய தேநீருக்கு இப்பெயர் இல்லை. ஆலையிலும் சுரங்கத்திலும் உழைத்துக் களைத்து வீடு திரும்பிய தொழிலாளர், உணவு மேசையில் இறைச்சியும் பாணும் தேநீருமாக அருந்திய மாலையுணவே 'ஹை டீ'. உழைப்பாளியின் உணவுப் பெயரைக்கூடச் செல்வர் கைப்பற்றிச் சீமான் விருந்தாக்கினர். நம் நாட்டிலும் ஏழையின் உணவென்று இகழப்பட்ட குரக்கன் இன்று அலங்காரத் தட்டில் ஏறி, அதன் விலையும் ஏறிவிட்டது.

அக்கோப்பையிலுள்ள தேநீரின் கணக்கையும் பார்ப்போம். மலையகத் தோட்டங்களில் ஒரு பெண் தொழிலாளி நாளொன்றுக்கு 18 கிலோ கொழுந்து பறிக்கவேண்டுமென்பது பரவலான நியதி. ஏறக்குறைய நாலரைக் கிலோ கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகும். ஆகவே அவளது ஒருநாள் உழைப்பு நான்கு கிலோ தேயிலை. கோப்பையொன்றுக்கு இரண்டரைக் கிராம் என வைத்தால் 1600 கோப்பைகள். 2021இல் 1000 ரூபாவாக இருந்த நாட்சம்பளம், நீண்ட போராட்டத்தின் பின் 2024 செப்டெம்பரில் 1350 ரூபாவாக நிர்ணயிக்கப்பட்டது. அச்சம்பளத்தின்படி ஒரு கோப்பைத் தேநீரில் அவளுக்குரிய பங்கு ஏறத்தாழ 84 சதம். பீங்கானைத் தூக்கும்போது கை நடுங்குகிறதென்றால், அந்நடுக்கம் அநாகரிகமன்று. கணக்குத் தெரிந்த கையின் நடுக்கம்.

இனி, அம்மண்டபத்தின் மற்றொரு கதவைக் கவனிப்போம். வாடிக்கையாளர் நுழையும் கதவுக்கு எதிரே, சமையலறைக்குச் செல்லும் ஆடுகதவு ஒன்று உண்டு. பாரிஸ் விடுதியொன்றில் பாத்திரம் கழுவிய ஜோர்ஜ் ஓர்வெல், அக்கதவின் இருபுறமும் இரு வேறு உலகங்கள் இருப்பதை 1933இல் நூலாக எழுதினார். இப்புறம் பளிங்கும் புன்னகையும். அப்புறம் வெக்கையும் வசைமொழியும். நம் நாட்டிலும் உணவுக்கட்டணச் சீட்டில் பத்து வீதச் சேவைக் கட்டணம் சேர்க்கப்படுகின்றது. அதில் எத்தனை வீதம் தட்டேந்தியவனுக்கும் பாத்திரம் தேய்த்தவளுக்கும் போய்ச்சேர்கிறதென்று அச்சீட்டு சொல்வதில்லை. அடிப்படைச் சம்பளம் சிறிதாகவும் சேவைக் கட்டணமே பெரு வருவாயாகவும் இருக்கும் தொழிலாளியின் நிலை எத்தகையது? 2019 ஏப்ரில் குண்டுவெடிப்புகளின் பின்பும், 2020இன் பெருந்தொற்றுக் காலத்திலும் விடுதிகள் வெறிச்சோடியபோது அவ்வருவாய் வற்றிப்போயிற்று. விருந்தாளி வராவிடில் முதலாளிக்கு நட்டம், தொழிலாளிக்குப் பட்டினி.

உழைத்து வாழும் ஒருவன் அம்மண்டபத்தில் அமரும்போது, தன்னிடம் குனிந்து 'சேர்' என்பவன் தன் அண்ணனையோ தம்பியையோ ஒத்தவன் என்பதை அறிகிறான். நாற்காலியை இழுத்துவிடும் கை தன் கையைப் போன்றதே என்பது அவனுக்குத் தெரியும். இதனாலேயே அவனுக்குச் சோறு இறங்குவதில்லை. இக்கூச்சம் தாழ்வுச் சிக்கலன்று. வர்க்க உணர்வின் முதல் முளை. அதனைக் கிள்ளியெறிந்துவிட்டுப் பணிவிடை பெறுவதில் மகிழக் கற்றவனையே நாகரிகப் போதகர் 'பழகியவன்' என்று பாராட்டுகிறார்.

நாம் மறுத்துரைக்க வேண்டிய இன்னொரு சாராரும் உளர். அவர்கள் நம் அணியிலேயே உள்ளவர்கள். "இவ்விடங்களுக்கு நாம் போகவே கூடாது. ஏழை நாட்டில் சுவை தேடுவது பூர்ஷுவாப் பழக்கம். சந்திக்கடைப் பிளேன்ரீயே நமக்குப் போதும்" என்பர் இவர்கள். இக்கூற்று தியாகம் போலத் தோன்றும். உண்மையில் இது தோல்வியின் குரல். நல்ல உணவு, தூய மேசை, அமைதியான இடம், தேர்ந்த சமையற்காரனின் கைவண்ணம் ஆகியன செல்வரின் பிதுரார்ச்சிதச் சொத்தா? சமையலும் ஒரு கலை. அதனை ஆக்குபவன் தொழிலாளி. தொழிலாளி ஆக்கிய கலையைத் தொழிலாளி சுவைக்கலாகாதென்பது எந்தச் சித்தாந்தம்? தேநீர்க்கடை வாயிலிற் போராடியோர், 'வாங்கு வேண்டாம், நமக்குச் சிரட்டையே போதும்' என்று சொல்லியிருந்தால் வரலாறு எங்கு நின்றிருக்கும்? அவர்கள் கேட்டது வாங்கை எரிக்கும்படியன்று, வாங்கில் இடம். வறுமையைப் புனிதமாக்குவோர் வறுமைக்கு ஆயுளையே கூட்டுகின்றனர்.

ஆகவே நமது நிலைப்பாடு தெளிவானது. உயர்ந்த உணவை வெறுக்கவேண்டியதில்லை. உயர்வென்பது விலக்குதலால் வருவதாகக் கருதும் மனப்பான்மையை வெறுக்கவேண்டும். இது வெறுங்கனவுமன்று. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பிரித்தானியாவில் உள்ளூராட்சி மன்றங்கள் 2000க்கு மேற்பட்ட பொது உணவகங்களை நடத்தி, எளிய விலையில் சத்துள்ள உணவு வழங்கின. அவ்வளவு தூரம் போவானேன்? நம் வடமாகாணத்தில் விவசாயத் திணைக்களத்தின் ஆதரவில் இயங்கும் 'அம்மாச்சி' உணவகங்களைப் பாருங்கள். அங்கே பெண்கள் உண்பவர் கண்முன்னே சமைக்கின்றனர். தாம் சமைத்ததன் வருவாயைத் தாமே பெறுகின்றனர். அலுவலகத்தாரும் கூலித்தொழிலாளரும் ஒரே வரிசையில் நின்று வாங்குகின்றனர். ஆடுகதவு அங்கில்லை. குறைகள் அங்கும் இருக்கலாம். எனினும் சுவைக்கும் சமத்துவத்துக்கும் பகையில்லை என்பதற்கு அவை சாட்சி.

இவ்வழியில் நாம் கேட்கவேண்டியவை பல. விலைப்பட்டியல் நாட்டு மொழிகளில் இருக்கட்டும். சாரம் உடுத்தவனையும் கையால் உண்பவனையும் ஏறஇறங்கப் பார்க்கும் வழக்கம் ஒழியட்டும். சேவைக் கட்டணம் முழுவதும் உழைத்தோரைச் சேர்கிறதென்பதைக் கட்டணச்சீட்டிலேயே எழுதட்டும். சேவைக் கட்டணத்தின் தயவில்லாமலே குடும்பம் நடத்தக்கூடிய சம்பளம் சமையலறைக்குக் கிடைக்கட்டும். உள்ளூராட்சி மன்றங்கள் நகரந்தோறும் தரமான பொது உணவகங்களைத் திறக்கட்டும். இவற்றைத் தொழிற்சங்கங்களும் வாசகர் வட்டங்களும் மாதர் சங்கங்களும் கோரிக்கைகளாக முன்வைக்கலாம், முன்வைக்க வேண்டும்.

அதுவரை, உயர்தர உணவகத்தில் அமரும் உழைப்பாளியே, கூசினால் கூசு, ஆனால் தலைகுனியாதே. பட்டியல் விளங்காவிட்டால் உரத்த குரலிற் கேள். கையால் உண்பது வழக்கமானால் கையால் உண். பரிமாறுபவனின் முகத்தைப் பார்த்துப் பேசு. சேவைக் கட்டணம் எங்கே போகிறதென்று முதலாளியிடம் வினவு. உன் கூச்சம் ஒரு வினா. அவ்வினாவை உன் தொண்டைக்குள் விழுங்காமல் மேசைமேல் வைப்பாயாயின், அதற்கு விடைசொல்ல வேண்டியவர் வேறொருவர் என்பது எல்லோருக்கும் விளங்கும்.