ஸ்கேனருடன் ஒரு குறிப்பேடும் வேண்டும்



உள்ளங்கையில் அடங்கும் ஒரு வானொலிப் பெட்டி. பொத்தானை அழுத்தினால் அதன் முகப்பில் எண்கள் மளமளவென்று ஓடுகின்றன. ஏதோ ஓர் எண்ணில் சட்டென்று நிற்கின்றன. எங்கிருந்தோ ஒரு குரல் வருகிறது. இதுதான் கையடக்க ஸ்கேனர். இதைப் பார்த்ததும் பலரும் கேட்கும் முதல் கேள்வி, "இதில் யார் யார் பேசுவதைக் கேட்கலாம்?" என்பதுதான். அது தவறான கேள்வி என்பது என் கருத்து. "இதைக் கொண்டு எதை அறியலாம்?" என்று கேளுங்கள். அப்போதுதான் அது அறிவியல் கருவி ஆகும். இல்லாவிட்டால் வெறும் விளையாட்டுப் பொம்மை.

இதற்கு ஒரு பள்ளிக்கூடமே சான்று. இங்கிலாந்தில் கெட்டரிங் என்ற ஊரின் பள்ளியில் ஜெஃப்ரி பெர்ரி என்ற இயற்பியல் ஆசிரியர் இருந்தார். அவரும் மாணவர்களும் 1960-களில் சோவியத் செயற்கைக்கோள்களின் ஒலிகளைக் கேட்டு வந்தார்கள். அவர்களிடம் ஸ்கேனர் இல்லை. ஒரு சிற்றலை வானொலி ஏற்பி இருந்தது. கூடவே கடிகாரமும் குறிப்பேடும் இருந்தன. ஒலி எப்போது தொடங்கியது, எப்போது மறைந்தது, அதிர்வெண் எவ்வாறு மாறியது என்று நாள்தோறும் எழுதினார்கள். 1966-இல் ஏவப்பட்ட சில செயற்கைக்கோள்களின் பாதை, அதுவரை அறிந்திருந்த ஏவுதளத்தோடு பொருந்தவில்லை. பாதைகளைப் பின்னோக்கி வரைந்து பார்த்தபோது, அவை ரஷ்யாவின் வடக்கே பிளெசெட்ஸ்க் என்ற இடத்தருகே வெட்டிக்கொண்டன. அங்கே ஒரு புதிய ஏவுதளம் இருப்பதை ஒரு பள்ளி உலகுக்குச் சொன்னது! சோவியத் அரசு அதை வெளிப்படையாக ஒப்புக்கொண்டதோ 1983-இல்தான்.

அவர்கள் விலையுயர்ந்த கருவியால் வெல்லவில்லை. எழுதி வைத்ததால் வென்றார்கள்.

இன்று உங்கள் வயதினர் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. பன்னாட்டு விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில், நொடிக்கு ஏறத்தாழ 7.7 கிலோமீட்டர் வேகத்தில் உலகைச் சுற்றுகிறது. அதிலுள்ள விண்வெளி வீரர்கள் பள்ளி மாணவர்களுடன் பேசும்போது 145.800 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்புகிறார்கள். எப்போதும் பேச்சு இருக்காது; பேச்சு நடக்கும் நேரத்தை முன்கூட்டியே அறிந்து காத்திருக்க வேண்டும். நிலையம் நம்மை நோக்கி வரும்போது அதிர்வெண் சுமார் 3½ கிலோஹெர்ட்ஸ் கூடித் தெரியும். விலகிச் செல்லும்போது அதே அளவு குறைந்து தெரியும். எனவே தொடக்கத்தில் 145.805-இலும், நடுவில் 145.800-இலும், முடிவில் 145.795-இலும் ஒலி தெளிவாக இருக்கும். பாடநூலில் படிக்கும் டாப்ளர் விளைவு உங்கள் விரல் நுனியில்! எல்லாம் 10 நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

"நிலையம் எங்கே இருக்கிறது என்று கைப்பேசியே சொல்லிவிடுகிறதே, பிறகு ஏன் இந்தப் பாடு?" என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. நிலையம் வரும் நேரத்தைக் கைப்பேசியில் பார்த்துக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் பிறர் சொல்லித் தெரிவது வேறு, தானே அளந்து தெரிவது வேறு. ஆறு குறுக்கே ஓடுகிறது என்று படத்தில் பார்ப்பதும், இறங்கி நீந்துவதும் ஒன்றாகுமா?

அளக்கும் கருவியைப் பேணுவதும் அளவையின் ஒரு பகுதியே. இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். ஒரு கோடையில் என் கருவியை அலமாரியில் வைத்தபோது உள்ளிருந்த ஆல்கலைன் மின்கலங்களை எடுக்க மறந்துவிட்டேன். சில மாதம் கழித்து, விண்வெளி நிலையம் தலைக்கு மேல் வரவிருந்த மாலையில் மூடியைத் திறந்தால், வில் கம்பியெங்கும் வெண்மையான பொருக்கு! மின்கலத்திலிருந்து கசிந்த பொட்டாசியம் ஹைட்ராக்சைடு காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடுடன் சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட்டாக மாறியிருந்தது. அது காரம், ஆகவே பஞ்சில் சில துளி வினிகரைத் தோய்த்து, கண்ணுக்கும் கைக்கும் காப்பு அணிந்து துடைத்தேன். வேதியியல் என்னவோ நன்றாக வேலை செய்தது. ஆனால் கம்பி அரித்துப் போயிருந்தது. நிலையமும் எனக்காகக் காத்திராமல் கடந்து போய்விட்டது.

ஆகவே சில பழக்கங்கள். நெடுநாள் பயன்படுத்தாவிட்டால் மின்கலங்களை வெளியே எடுத்துவிடுங்கள். பழையதையும் புதியதையும் கலந்து போடாதீர்கள். வெயிலில் நிற்கும் வண்டிக்குள் கருவியை விடாதீர்கள். ஏரியலைப் பிடித்துக் கருவியைத் தூக்காதீர்கள். அதன் அடிப்பகுதி ஆடிப்போனால் மெல்லிய ஒலிகளை இழப்பீர்கள். மொட்டை மாடியில் கம்பி கட்டியிருந்தால், இடி மின்னல் வருவதற்கு முன்பே அதைக் கழற்றிவிடுங்கள். இரைச்சலைத் தடுக்கும் "ஸ்குவெல்ச்" குமிழை இரைச்சல் அடங்கும் இடத்திலேயே நிறுத்துங்கள். அதற்கு மேல் திருகினால் தொலைவிலிருந்து வரும் மெல்லிய குரலும் சேர்ந்து அடங்கிவிடும்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கேட்க முடிவதால் மட்டும் எதையும் கேட்டுவிடலாம் என்று ஆகாது. காவல் துறையின் பேச்சோ விமானியின் பேச்சோ நமக்காகப் பேசப்படுவது அல்ல. நம் நாட்டில் 1933-ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டமும், 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் இத்தகைய கருவியை வைத்திருப்பதற்கே அனுமதி வேண்டும் என்கின்றன. ஆசையில் ஒன்றை வாங்கிவந்து பெற்றோரைச் சங்கடத்தில் ஆழ்த்தாதீர்கள்.

அதற்கு நேர்வழி இருக்கிறது. உரிமம் பெற்ற அமெச்சூர் வானொலியாளர் ஒருவரை உங்கள் பள்ளி அறிவியல் மன்றத்துக்கு அழையுங்கள். அவருடைய கருவியில், அவர் முன்னிலையில் கேளுங்கள். 12 வயது நிரம்பினால் நீங்களே தேர்வு எழுதி உரிமம் பெறலாம். பரிசளிப்பு விழாவுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கைப் பள்ளிகள் இதற்கு ஒதுக்கினால் என்ன?

அந்த நாள் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். வீட்டிலுள்ள சாதாரண வானொலியில் இரவில் மத்திய அலையைத் திருப்புங்கள். பகலில் கேட்காத தொலைதூர நிலையங்கள் இரவில் கேட்கும். எது, எத்தனை மணிக்கு, எவ்வளவு தெளிவாகக் கேட்டது என்று ஒரு மாதம் எழுதி வாருங்கள். ஏன் இரவில் மட்டும் என்ற கேள்வி தானே எழும். அந்தக் கேள்வி எழுந்த நாளில், ஸ்கேனரைக் கையில் எடுக்கும் தகுதி உங்களுக்கு வந்துவிட்டது என்று நான் சொல்வேன்.