மாமியின் டெலஸ்கோப்

சென்னையில் ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்குப் போய்விடும். மார்கழியில் பனி மூட்டம். தை பிறந்தால்தான் நமக்கு ஆகாயம் என்று ஒன்று இருப்பதே ஞாபகம் வருகிறது. மற்ற வீடுகளில் மெத்தையை வெயிலில் போட்டுக் கொண்டிருந்த அன்று, எங்கள் மயிலாப்பூர் வீட்டின் கீழ்ப் பகுதியில் குடியிருக்கும் மாமி என்னைக் கூப்பிட்டுப் பரண் மேலிருந்த ஒரு நீளப் பெட்டியை இறக்கச் சொன்னார்.

"அவர் இருந்தவரைக்கும் என்னைத் தொட விட்டதில்லை. மூணு வருஷமா யாருமே திறக்கலை. நீ ஒரு கை பிடி, பார்க்கலாம்."

மூன்று அங்குல லென்ஸ் உள்ள டெலஸ்கோப். திறந்ததும் வந்த வாடையே விஷயத்தைச் சொல்லிவிட்டது. லென்ஸில் தூசி; ஓரத்தில் சிலந்தி வலை மாதிரி பூஞ்சணம். மாமியின் முகம் சுண்டிப் போயிற்று. முந்தானை லென்ஸை நோக்கிப் போயிற்று. நல்ல வேளை, கையைப் பிடித்துக் கொண்டேன்!

சகோதரிகளே, வீட்டில் காமிராவோ பைனாகுலரோ இருந்தால் இதைக் கேட்டுக் கொள்ளுங்கள். புடவைத் தலைப்பால் துடைத்தால் தூசியே மணல் காகிதமாகிக் கண்ணாடியைக் கீறிவிடும். முதலில் ரப்பர் பந்தை அமுக்கிக் காற்றால் தூசியை ஊதித் தள்ள வேண்டும். பிறகு காய்ச்சி வடித்த நீரில் நனைத்த பஞ்சை அழுத்தாமல் ஒரே ஒரு முறை இழுத்துவிட்டு எறிந்துவிட வேண்டும்; அடுத்த இழுப்புக்குப் புதுப் பஞ்சு. இரண்டு லென்ஸுகளுக்கு நடுவே போய்விட்ட பூஞ்சணத்தை நாம் தொடக்கூடாது. அது கை தேர்ந்த ரிப்பேர்காரர் வேலை. ஓரத்தில் கொஞ்சம் இருப்பதால் நிலா ஒன்றும் மறைந்துவிடாது.

சாயங்காலம் வெளிச்சம் இருக்கும்போதே மொட்டை மாடியில் நிறுத்தினோம். பெரிய குழாயின் முதுகில் குறி பார்க்க ஒரு சின்னக் குழாய் உண்டு. இரண்டும் ஒரே இடத்தைப் பார்க்கின்றனவா என்பதைப் பகலிலேயே தூரத்துப் பொருள் ஒன்றை வைத்துச் சரி செய்துவிட வேண்டும். சூரியன் பக்கம் மட்டும் திருப்பவே கூடாது, கண் போய்விடும். கபாலீசுவரர் கோயில் கோபுரத்தைக் குறி வைத்தோம். கலசம் தலைகீழாகத் தெரிந்தது. மாமி கன்னத்தில் போட்டுக் கொண்டார்.

ஆனால் யாராவது இரண்டு அடி நடந்தால் கலசம் குதித்தது! இந்தத் தொல்லை ஊருக்குப் புதிதல்ல. 1786-ல் வில்லியம் பெட்ரி என்ற கம்பெனி உத்தியோகஸ்தர் எழும்பூரில் சொந்தச் செலவில் வானாராய்ச்சிக் கூடம் வைத்தார். அவரிடம் இருந்தவையும் மூன்று அங்குல டெலஸ்கோப்புகள்தாம். கம்பெனி அவற்றை வாங்கிக் கொண்டு 1792-ல் நுங்கம்பாக்கத்தில் கட்டடம் எழுப்பியபோது, கருவி அசையாதிருக்கப் பெரிய கருங்கல் தூண் ஒன்றை நட்டார்கள். கல்லூரிச் சாலை வானிலை மையத்தில், தமிழ் எழுத்துக்களும் பொறித்த அந்தத் தூணை இன்றும் காணலாம். நாங்கள் தூணுக்கு எங்கே போவது? முக்காலியின் கால்களை விரித்து, நடுவில் மணல் பையைக் கட்டித் தொங்கவிட்டோம். ஆட்டம் அடங்கிற்று.

ஏழு மணிக்குப் பார்த்தால் எல்லாம் நெளிந்தது. பகலெல்லாம் வெயில் குடித்த தரை அனல் விடுகிறதல்லவா? ஒன்பது மணிக்கு மேல்தான் நிதானப்பட்டது. திருவாதிரைக்குக் களி கிண்டுகிறோமே, அந்தச் சிவந்த நட்சத்திரத்துக்குக் கொஞ்சம் தெற்கே வரிசையாக மூன்று. அவற்றின் கீழே, வெறும் கண்ணுக்கு மங்கல் புள்ளி, கண்ணாடியில் மேகம். நட்சத்திரங்கள் பிறக்கும் மேகம் அது.

மாமி வெகு நேரம் பேசவில்லை.

"இத்தனை நாள் இதைத்தான் பார்த்துண்டிருந்தாரா?" என்றார் கடைசியில். "ஒரு நாள் என்னையும் கூப்பிட்டிருக்கலாம்."

பெட்டிக்குள் மாமாவின் நோட்டுப் புத்தகம் இருந்தது. பக்கம் பக்கமாகத் தேதி, மணி, பார்த்த பொருள். பாதியில் நின்ற பக்கத்தில் மாமி அன்றைய தேதியைப் போட்டார். பார்வைக் கண்ணாடிகளை ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பையோடு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடினார்.

"நாளைக்குச் சீக்கிரமா சமைச்சுடு" என்றார் என்னிடம்.