எண்ணைப் பார்ப்போம், ஆளையும் பார்ப்போம்

2012 லண்டன் ஒலிம்பிக்கில் ஆண்கள் ஒன்பது முறை சுற்றிவந்த பாக்ஸ் ஹில் மேட்டில், நம் வாலிபர் ஐக்கியத்தின் சைக்கிள் குழு சனிக்கிழமைகளில் ஒரு முறை ஏறுகிறது. அங்கே இப்போது ஒரே பேச்சு: "அண்ணா, உங்களுக்கு எத்தனை வாட்?" காரணம், பவர் மீட்டர் உள்ள பெடல்கள். ஒரு சோடிக்குப் பல நூறு பவுண் ஆகும். "இவ்வளவு காசுக்கு இது தேவையா?" என்று பெற்றோர் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு என்பது எங்கள் கருத்து.

கருவியில் குறை இல்லை. நாம் மிதிக்கும்போது பெடலின் அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு வளைகிறது. உள்ளே இருக்கும் உணரிகள் அதை அளந்து, கால் சுற்றும் வேகத்தோடு சேர்த்துக் கணக்கிட்டு, வாட் என்று காட்டுகின்றன. வேகத்தை எதிர்க்காற்று குறைக்கும், இறக்கம் கூட்டும். இதயத்துடிப்பு வெயிலிலும் தூக்கமின்மையிலும் மாறும். ஏற்றம் தொடங்கிச் சற்றுப் பிந்தியே உயரும். வாட் மட்டும் உடனே தெரியும். அடிவாரத்திலேயே பலத்தையெல்லாம் கொட்டிவிட்டுப் பாதி வழியில் மூச்சிரைத்து நிற்பவருக்கு அது நல்ல ஆசான். ஆகவே அது வீண்செலவு என்று நாங்கள் சொல்லமாட்டோம். கழற்றி இன்னொரு சைக்கிளில் பூட்டலாம் என்பதால், ஒரே வகைக் கிளீட் போட்ட அண்ணன் தம்பி இருவர் ஒரு சோடியைப் பகிர்ந்துகொள்ளலாம்.

ஆனால் அந்த எண்ணுக்கும் எல்லை உண்டு. ஒரு பக்கம் மட்டும் அளக்கும் விலை குறைந்த வகை, ஒரு காலின் கணக்கை இரட்டித்துக் காட்டும்; மறு காலின் பலவீனம் அதற்குத் தெரியாது. புறப்படுமுன் பூச்சியத்துக்குச் சரிசெய்யாவிட்டாலும், கிராங்கின் நீளத்தைத் தவறாகப் பதிந்தாலும் எண் பிழைக்கும். எண் சரியாக இருந்தாலும் ஒப்பீடு தவறலாம். 60 கிலோ தங்கைக்கு 180 வாட், 90 கிலோ அண்ணனுக்கு 270 வாட். கேட்டவுடன் அண்ணன்தான் பலசாலி என்போம். ஆனால் இருவருக்கும் கிலோவுக்கு 3 வாட்தான். மேட்டில் ஏறக்குறைய ஒன்றாகவே ஏறுவார்கள். காணிக்கைப் பெட்டியில் ஏழை விதவை போட்ட இரண்டு காசை இயேசு எப்படிக் கணக்கிட்டார் என்பது நமக்கு ஓய்வுநாள் பள்ளியிலேயே தெரியும்.

சில மாதங்களுக்கு முன் நம் தம்பி ஒருவர், முந்தின நாள் காய்ச்சலோடு படுத்திருந்தும், "இன்றைக்கு 250 வாட் பிடிக்கவேண்டும்" என்று வந்தார். நாங்கள் கைதட்டி அனுப்பினோம். பாதி மேட்டில் இறங்கி, நடுங்கிக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டார். வைரஸ் காய்ச்சல் சிலருக்கு இதயத் தசையையும் தாக்கும். அந்த நேரத்துக் கடும் பயிற்சி உயிருக்கே ஆபத்தாகலாம். எங்களில் தாதிகளாக இருப்போருக்கு இது தெரியாததல்ல. மானிட்டரை அல்ல, நோயாளியைப் பார் என்றுதான் வார்டில் படித்தோம். அன்று அவருடைய முகம் வெளிறியிருந்தது. நாங்கள் எல்லாரும் திரையைத்தான் பார்த்தோம். கர்த்தருடைய கிருபையால் அவர் சுகமானார்.

ஆகவே எங்கள் ஆலோசனை இதுதான். பெடல் வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். வாங்க முடியாத பிள்ளை அதனால் கூச்சப்படக்கூடாது. புறப்படுமுன் வாட்டைக் கேட்காமல் மூன்று கேள்விகளைக் கேட்போம்: தூங்கினாயா? சாப்பிட்டாயா? காய்ச்சல் உண்டா? மேட்டின் உச்சியில், கடைசியாக வருபவர் வந்து சேர்ந்து, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்த பிறகே எல்லாரும் சேர்ந்து ஜெபித்து இறங்குவோம்.